பார்க்காத வட்டுகள்

அந்தத் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் யாருக்கும் முகம் கிடையாது. தலையோடு சேர்த்து மூடும் வெள்ளை அங்கி, முகக்கவசம், இரட்டைக் கையுறை, முழங்கால்வரை ஏறும் துணி பூட்ஸ். வெளியே தெரிவதெல்லாம் புருவமும் கண்ணுமாக ஒரு கீற்று மட்டும். அதனால் உள்ளே ஒருவரை ஒருவர் நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். காலை இழுத்துக்கொண்டு வந்தால் அது உலைப் பக்கத்து ஆள். குதித்துக் குதித்து வந்தால் புதிதாகச் சேர்ந்தது. தரைக்கு வலிக்குமோ என்பதுபோல் அடிமேல் அடி வைத்து ஓர் உருவம் வந்தால், எல்லோரும் கையில் இருப்பதைக் கொஞ்சம் ஒழுங்காகப் பிடித்துக்கொள்வார்கள். லென்ஸ் அக்கா வருகிறாள்.

அக்காவுக்கு வேலை நுண்ணோக்கியில். டயருக்குள் காற்று எவ்வளவு இருக்கிறது என்று வண்டிக்குச் சொல்கிற சின்னஞ்சிறு சில்லை அங்கே செய்தார்கள். கையகல சிலிக்கான் வட்டு ஒன்றில் ஆயிரக்கணக்கான சில்லுகளை வரைந்து, பிறகு வெட்டிப் பிரிப்பார்கள். ஸ்கேலில் அடுத்தடுத்த இரண்டு சின்னக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர். அதைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பெயர் நானோமீட்டர். அந்தச் சில்லில் ஓடும் கோடுகளின் அகலம் முந்நூறு, நானூறு நானோமீட்டர்தான். பக்கத்தில் ஒரு தலைமுடியை வைத்தால், தையல் நூலுக்கு அருகில் தூணைச் சாய்த்துப் போட்டதுபோல் இருக்கும். அப்பேர்ப்பட்ட கோட்டின் மேல் ஒரு தூசி வந்து உட்கார்ந்தால், நடுரோட்டில் பாறை விழுந்த கதைதான். சில்லு செத்தது.

அந்தப் பாறைகளைத் தேடுவதுதான் அக்காவின் பிழைப்பு. ஒரு பெட்டிக்கு இருபத்தைந்து வட்டுகள். அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். நடுவிலிருந்து மூன்றை உருவி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, பக்கவாட்டில் ஒளியை விட்டுப் பார்ப்பாள். சுத்தமான வட்டு அமாவாசை வானம்போல் கறுப்பாக இருக்கும். தூசி இருந்தால் நட்சத்திரம் மாதிரி மின்னிக் காட்டிக்கொடுக்கும். மூன்றும் சுத்தம் என்றால் பெட்டி அடுத்த கட்டத்துக்குப் போகும். மூன்றும் அழுக்கு என்றால் பெட்டியே அழுக்கு, கழுவுவதற்கென்று ஒதுக்கிவைப்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததைத்தான் அங்கே ஆங்கிலத்தில் விதியாக எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்கிறாள் என்று யாராவது பாராட்டினால், “எண்ணெயா? எண்ணெயோட வந்தா உள்ள விடமாட்டேன்” என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. பவுடர், மை, சென்ட், நகப்பூச்சு எதுவும் உள்ளே வரக்கூடாது. வெயிலில் தோல் உரிந்திருந்தால்கூட, ஆறும்வரை வெளியில்தான் வேலை. மனித உடம்பைவிடப் பெரிய தூசிக் கிடங்கு உலகத்தில் இல்லை என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதும் அவள்தான். ஒருமுறை, புருவத்தில் லேசாகப் பென்சில் இழுத்துக்கொண்டு வந்த பெண்ணை, அவள் அழ அழ வாசலோடு திருப்பி அனுப்பினாள். “உன் அழகை யாரு பார்க்கப்போறா உள்ள? நான் பார்க்குறது தூசியை மட்டும்தான்” என்று சொன்னதாகப் பேச்சு.

இந்தக் கறாருக்கு ஒரு பின்கதை உண்டு. அவளுடைய அப்பா கல் குவாரியில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக, அந்த வயதிலேயே கிழவராக வந்து நிற்பார். இப்போது உண்மையிலேயே கிழவராகிவிட்டார். இருமினால் உள்ளே ஜல்லி புரளும் சத்தம் கேட்கும். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள் அவள். பட்டயச் சான்றிதழைக் கையில் வாங்கிய அன்றைக்கு அப்பா அதைத் தொடவே இல்லை. கை அழுக்காக இருக்கிறது என்று தள்ளி நின்றே பார்த்தார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், மூச்சு வாங்கியபடி முதலில் சொல்வது இதைத்தான்: எம்பொண்ணு வேலை பார்க்குற இடத்துல தூசியே கிடையாது, காத்தையே சலிச்சுத்தான் உள்ள விடுவாங்க.

வீட்டில் அப்பா, அவள், கைக்குழந்தையோடு தங்கை. தங்கை புருஷனுக்கு வேலை தூரத்தில், எப்போதாவது வருவான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, எனக்கும் தூசிக்கும் ஆகாது என்று ஒரு பதில் வைத்திருந்தாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்.

புருவத்தில் அரிப்பு எப்போது தொடங்கியது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. முதலில் வேர்வை என்று நினைத்தாள். ஒருநாள் தலை வாரும்போது கறுப்புச் சேலையின் மடியில் உமி உதிர்ந்ததுபோல் கிடந்தது. கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டு புருவங்களுக்கு அடியிலும் தோல் சிவந்து, செதில் செதிலாக எழும்பியிருந்தது. உடம்பில் வேறெந்த இடத்தில் வந்திருந்தாலும் அங்கி மூடியிருக்கும். அந்தத் தொழிற்சாலையில் மூடாமல் விடுகிற ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து வந்திருந்தது. மற்றவர்கள் அதற்கும் மேலே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கிறவளுக்குக் கண்ணாடியும் கிடையாது.

விதிப்படி அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வெளியே அட்டைப்பெட்டி ஒட்டும் பகுதிக்கு அனுப்புவார்கள். அங்கே சம்பளம் குறைவு. அதுகூடப் பரவாயில்லை. தானே திருப்பி அனுப்பிய பெண்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

தங்கைதான் வழி சொன்னாள். குழந்தையின் இடுக்குத் தோல் சிவந்தால் போடுகிற வெள்ளைக் களிம்பு இருந்தது. “பச்சைப் புள்ளைக்கே போடுறது அக்கா. உனக்கு என்ன ஆகிடப்போகுது?” என்றாள். போட்டவுடனேயே எரிச்சல் அடங்கியது. நாலைந்து நாளில் செதிலும் படிந்துவிட்டது. நன்றாகத் தேய்த்துவிட்டால் வெளியே தெரியவும் இல்லை. பவுடர் கூடாது, மை கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறது, இது மருந்து அல்லவா என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். தோல் உதிர்வதைக் களிம்பு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது, ஆகவே போடாமல் போவதைவிடப் போட்டுக்கொண்டு போவதுதான் வட்டுக்குப் பாதுகாப்பு என்றுகூட நினைத்தாள். களிம்பு காய்ந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவளுக்கு அந்த ஒன்று தோன்றாமல் போனது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். புருவமும் அப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் வெள்ளைத் தூசி வந்தது.

முதலில் பார்த்ததும் அவளேதான். கறுப்பு வானத்தில் இதுவரை இல்லாத ஒரு கூட்டம், பொடிப்பொடியாக. எழுந்துபோய்ப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டினாள். பொறியாளர் அவளைவிடப் பத்து வயது இளையவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கூரையில் உள்ள காற்று வடிகட்டிகளை மாற்றச் சொன்னார். தூசி நிற்கவில்லை. தரையை மறுபடி மறுபடி துடைத்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், கையுறை வாங்கும் இடத்தை மாற்றினார்கள். அக்கா முன்னைவிடக் கூர்மையாக, முன்னைவிடக் குனிந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தூசி கூடியது.

கடைசியில் தூசி விழுந்த ஒரு வட்டை வெளியே பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எலக்ட்ரான் கற்றையை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்து அது என்ன பொருள் என்று சொல்லிவிடுவார்கள். பதில் வந்தது: துத்தநாகம், அதாவது ஜிங்க்.

பொறியாளர் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயும் துத்தநாகம் கிடையாது. யாரோ மேலே ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். துத்தநாகம் பட்ட வட்டைக் கழுவும் தொட்டிக்குள் இறக்கினால் தொட்டியும் கெட்டுவிடும், எனவே இனிமேல் கழுவல் கிடையாது, இதுவரை அழுக்கென்று ஒதுக்கிவைத்த பெட்டிகளெல்லாம் நேராக இடிக்கப் போகும். சொல்லிவிட்டு, “ஜிங்க்னு சொன்னா வீட்டுல யாருக்கு என்ன ஞாபகம் வருது?” என்று கேட்டார்.

பேசிவைத்துக்கொண்டதுபோல் எல்லா முகமும் தகரத்தின் பக்கம் திரும்பியது.

தகரம் என்பது பட்டப்பெயர். உலையிலிருந்து வட்டுப் பெட்டிகளை எடுத்து அக்காவின் மேசைக்குக் கொண்டுவருகிறவன். வாயைத் திறந்தால் தகரக் கூரையில் கல் விழுந்தமாதிரி கலகலவென்று கொட்டுவான், அதனால் ஒரு பாதிப் பெயர். மீதிப் பாதி அவன் மச்சானால் வந்தது. அந்த மச்சான், அவனுடைய தங்கை புருஷன், கூரைக்குப் போடும் ஜிங்க் ஷீட் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரம் அங்கே போய் ஷீட் வெட்டிக்கொடுப்பான்.

அவனே முதலில் சிரித்தான். “ஏன்யா என்னையே பார்க்குறீங்க? குளிச்சுட்டுத்தான்யா வர்றேன்.” யாரோ, சோப்பும் ஜிங்க்கோ என்னவோ என்றார்கள். கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் குழந்தை பால் குடித்துவிட்டு அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் களிம்புக் குழாய் கிடந்தது. வேலை செய்து பழகிய கண், பொடி எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடும். இதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று அடியில் அச்சடித்திருந்ததில் முதல் வார்த்தையே அதுதான்.

குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். தோல் எரிய எரியப் புருவத்தைத் தேய்த்துக் கழுவினாள். நின்றுவிடும், நாளையிலிருந்து தூசி நின்றுவிடும், யாருக்கும் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். நல்ல புத்தியோடுதான் நினைத்தாள்.

மறுநாள் காலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது தகரம் உள்ளே இல்லை. கொஞ்ச நாளைக்கு அட்டைப்பெட்டிப் பகுதியில் இருக்கட்டும், பார்ப்போம் என்று பொறியாளர் மாற்றியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், விளைவைப் பார் என்றுதான் படித்தவர்கள் எல்லோரும் செய்வார்கள். அவர் ஒன்றை மாற்றினார். அவருக்குத் தெரியாமல் இன்னொன்றும் அன்றைக்கே மாறியிருந்தது.

அக்கா மூன்று வட்டுகளை உருவிப் பார்த்தாள். கறுப்பு. அடுத்த பெட்டி, கறுப்பு. அந்த வாரம் முழுக்க அமாவாசைதான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்வோம். இங்கே காக்கை பறந்துபோனதும் பழம் விழுவது நின்றது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? போகிறவர் வருகிறவர் எல்லாம் தகரத்தின் தோளைத் தட்டி, பரவாயில்லப்பா, தெரியாம நடந்ததுதானே என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த மாதம் அவனை நிரந்தரமாக்குவதாக இருந்தது. அதை நிறுத்திவைத்தார்கள். மாதக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள் என்றும் பேச்சு வந்தது. அக்கா ஒருமுறை, அவனை மறுபடி உள்ளே விட்டுப் பார்க்கலாமே சார் என்று மெல்லக் கேட்டாள். “விட்டா இப்போ வராது அக்கா” என்றார் பொறியாளர். “ஜாக்கிரதையாயிட்டான்ல. வரலைன்னா அவன் திருந்திட்டான்னுதான் அர்த்தம். செய்யலைன்னு ஆகாது.” அந்தப் பையன் தப்பிக்க ஒரு சந்துகூட இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லாவற்றையும்விட அவளைக் கொன்றது வேறொன்று. தகரம் அதை நம்பிவிட்டான்.

கலகலப்பு போய்விட்டது. மச்சானிடம் போய், உன் கடையால் என் வேலை போச்சு என்று சண்டை போட்டு, பேச்சுவார்த்தையே அறுந்துபோயிருந்தது. நடுவில் அவன் தங்கைக்காரி அழுதுகொண்டிருந்தாள். உடம்பைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறானாம். கை முழுக்கக் கீறல். ஒருநாள் மதியம், டீ குடிக்கும் இடத்தில் அவள் தனியாக இருக்கிற நேரம் பார்த்து வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்தான். அதன்மேல் ஒட்டும் டேப் ஒன்று ஒட்டியிருந்தது.

“கையில ஒட்டி எடுத்தேன்க்கா. உங்க மைக்ராஸ்கோப்புல கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

“எதுக்குடா இதெல்லாம்?”

“எவ்வளவு தேய்ச்சாலும் போகலைன்னு தோணுதுக்கா. கண்ணுக்குத் தெரியாதது இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க கண்ணுக்குத்தான் தெரியும்.”

பழுதான சாமான்களைப் பார்க்க வெளி அறையில் ஒரு பழைய நுண்ணோக்கி இருந்தது. அதில் வைத்துப் பார்த்தாள். தோலின் செதில்கள், நார் கீறிய இடத்து ரத்தம் காய்ந்து ஒரு பொட்டு, வேறொன்றும் இல்லை. கண்ணை எடுக்காமலே இருந்தாள். எடுத்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“ஒண்ணும் இல்லப்பா. சுத்தமா இருக்க.”

“அப்போ எங்க இருந்துக்கா வந்துச்சு?”

தெரியலையே என்று அவள் வாய் சொன்னது. புருவம் தீப்பிடித்ததுபோல் அரித்தது. களிம்பை நிறுத்தியதிலிருந்து செதில் மறுபடி எழும்பியிருந்தது; தினமும் காலையில் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனாள். அவன் எதிரில் நிற்கும்போது சொறியக்கூடாது என்று கையை மடிக்குள் வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் கண்ணாடித் துண்டைத் துடைத்துப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அதன்பிறகு அவள் ஒரு கணக்குப் போட்டாள். மறுபடி களிம்பைப் பூசிக்கொண்டு உள்ளே போக வேண்டியது. தகரம் வெளியே இருக்கும்போதே தூசி வரும். வந்தால் அவன் மேல் விழுந்த பழி தானாக உதிர்ந்துவிடும். பிறகு களிம்பை நிறுத்திவிட்டால் தூசியும் போய்விடும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. பாம்பும் சாகும், கம்பும் உடையாது. சில பெட்டிகள் இடிபடும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் களிம்பை எடுத்துத் தாராளமாகவே பூசினாள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், போயிட்டு வாம்மா என்று கையை அசைத்தார்.

அங்கி மாட்டும் அறையின் நடுவில், அறையை இரண்டாகப் பிரித்து ஒரு பெஞ்சு கிடக்கும். இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், அந்தப் பக்கம் சுத்தப் பக்கம். பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு காலுக்கு பூட்ஸ் மாட்டி அதை அந்தப் பக்கம் இறக்கி, பிறகு அடுத்த காலுக்கு மாட்டி இறக்க வேண்டும். மாட்டாத காலோடு யாராவது அந்தப் பக்கத் தரையைத் தொட்டுவிட்டால் அக்கா போடுகிற சத்தத்தில் கட்டடமே திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு ஒரு காலை இறக்கினாள். இன்னொரு காலுக்கான பூட்ஸ் கையில் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், அவள் மேசையில், அன்றைய முதல் பெட்டி காத்துக்கொண்டிருந்தது. எத்தனை பேர் கைபட்டு, எத்தனை கட்டம் தாண்டி, ஒரு குறையும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிற பெட்டி. இதுவரை தெரியாமல் கெடுத்தாள். இப்போது தெரிந்தே கெடுக்கப் போகிறாள்.

பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். என்னக்கா, பூட்ஸ் கடிக்குதா என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி போனாள். அக்கா பெஞ்சை விட்டு அசையவில்லை. பொறியாளர் வந்தபோது, அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“சார், அந்தப் பையன் இல்ல.” தலையங்கியைப் பின்னால் தள்ளிவிட்டாள். “இங்க பாருங்க, புருவத்துல களிம்பு. நான்தான்.”

பொறியாளர் பார்த்தார். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் ஏன் என்று கேட்கவில்லை, திட்டவில்லை. ஒட்டும் டேப்பை எடுத்துவந்து, அனுமதி கேட்டு, அவள் புருவத்தில் ஒட்டி எடுத்தார். டாக்டர் ஊசி போடுவதுபோல் அவ்வளவு மரியாதையாக. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

டேப்பை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். துத்தநாகமேதான். ஆனால் அதற்கு முன்பே பொறியாளருக்கு ஒரு சந்தேகம் முளைத்திருந்தது. இடிக்க அனுப்பியதில் கடைசிப் பெட்டி ஒன்று மட்டும் இன்னும் இடிபடாமல் கிடந்தது. அதை எடுத்துவரச் சொன்னார். அக்கா உருவிப் பார்த்த மூன்று வட்டுகளில் மட்டும் தூசி. அவள் தொடாத மற்ற இருபத்திரண்டும் அமாவாசை வானம். யாரும் அதுவரை பார்க்கவே இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? ஒரு சோறுதானே பதம். பதம் பார்த்த விரலில் அழுக்கு இருந்தால் பானை என்ன செய்யும்?

“அப்போ முன்னாடி போனதெல்லாம்?” என்று கேட்டாள்.

“எல்லாமே நல்ல வட்டுதான் அக்கா” என்றார் அவர். “பொடியாயிடுச்சு.”

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அத்தனை வருஷ உழைப்புக்கு மரியாதை என்று மேலிடம் சொன்னதாம். அட்டைப்பெட்டிப் பகுதியில் இடம் கொடுத்தார்கள். தோல் டாக்டர் நல்ல மருந்து எழுதிக்கொடுத்தார். குறையும், ஆனால் முழுக்கப் போகாது, அப்பப்போ வந்துபோகும் என்றும் சொன்னார். நுண்ணோக்கி மேசைக்கு வேறொருத்தி வந்தாள், புருவத்தில் பென்சில் இழுத்துக்கொண்டு வந்து அழுதாளே, அவளேதான். அப்பாவிடம் அக்கா எதுவும் சொல்லவில்லை. அதே பையோடு அதே நேரத்துக்குக் கிளம்பினாள். அவர் வருகிறவர்களிடம் காற்றைச் சலித்து உள்ளே விடுகிற கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தகரம் உள்ளே போனான், நிரந்தரமும் ஆனான். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. எதிரில் வந்தால் ஒதுங்கிப் போனான். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் இரண்டு தடவை கிட்டே போனாள், அவன் நிற்கவில்லை. பிறகு ஒருநாள் அவனாகவே அட்டைப்பெட்டி மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

“இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. ஆனா எம்மச்சான் நம்ப மாட்டேங்கிறான். சும்மா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைக்கிறான். தங்கச்சி வீட்டுக்கு இன்னும் நான் போக முடியலை.” கொஞ்சம் நிறுத்தினான். “ஞாயித்துக்கிழமை நீங்க கடைக்கு வந்து, உங்க வாயால சொல்லணும்.”

அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவன் சொல்லவே இல்லை. அவள் தலையசைத்தாள்.

கடை என்றால் நாலு தூணும் கூரையும்தான். மச்சான் ஷீட்டை வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டும் சக்கரத்திலிருந்து பொறியும் பொடியும் பறந்தன. வெயில் விழுந்த இடத்தில் காற்றே மின்னியது. அக்காவின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது, பழக்கம். செருப்பைத் தரையில் இரண்டு முறை தேய்த்தாள். பிறகுதான், எதைத் துடைக்கிறோம் என்று அவளுக்கே விளங்காமல் உள்ளே போனாள்.

மச்சான் சக்கரத்தை நிறுத்தினான். வேலையாட்கள் இரண்டு பேரும் நிறுத்தினார்கள். தகரத்தின் தங்கை உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். களிம்பு தன்னுடையது, தூசி தன் புருவத்திலிருந்து விழுந்தது, இந்தக் கடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தெரிந்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதையும் சொன்னாள். அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

மச்சான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த ஷீட் துண்டைக் கீழே வைத்தான்.

“எம்புள்ளைக்கும் அதே களிம்புதாம்மா போடுறோம்” என்றான் கடைசியில். கோபமா வேடிக்கையா என்று தெரியவில்லை. பிறகு தகரத்தைப் பார்த்து, “ஏன்டா, இத்தனை நாளா எங்கூட சண்டை போட்டியே, அந்தக் கணக்கை யாருகிட்ட தீர்க்குறது?” என்றான். தகரம் அங்கிருந்து போகவில்லை. கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் நீண்ட நேரம் துடைத்தான். தங்கைக்காரி டீ போட உள்ளே போனாள். சக்கரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

அக்காவுக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. தகரம் ஒரு ஸ்டூலை இழுத்து, கையால் ஒரு தட்டுத் தட்டி அவள் பக்கம் தள்ளினான். தட்டியதில் தூசி எழும்பி மறுபடி அதன் மேலேயே உட்கார்ந்தது.

“உக்காருங்க” என்றான். அக்கா என்ற வார்த்தை வரவில்லை.

உட்கார்ந்தாள். பொடி அவள் தோளிலும் மடியிலும் தலையிலும் வந்து இறங்கியது. புருவம் அரித்தது. கையை எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்காமல், நிதானமாகச் சொறிந்துகொண்டாள். உதிர்ந்தது எது, பறந்து வந்தது எது என்று அவள் கண்ணுக்கே தெரியவில்லை.